ஜாஸ் பேஸின் பொற்காலம் எது?



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கேள்வி. ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் என்னும் மின்சார பேஸ் கிட்டார் 1960-இல் பிறந்தது. இன்றும் தயாராகிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் எந்த ஆண்டுகளின் கருவி சிறந்தது? உலகம் முழுவதும் பேஸ் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. எழுந்தால் எளிதில் அடங்காது.

இளையராஜாவின் பாடல்களில், பாடுகிறவரின் குரலுக்கு அடியில் தனக்கென்று ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பேஸ் கிட்டாரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒலியை நேசிக்கத் தெரிந்த நமக்கு, அந்தக் கருவியின் வரலாற்றையும் தெரிந்துகொள்ளும் ஆசை இருப்பது இயல்புதானே?

என் முடிவை மறைத்து வைத்துக்கொண்டு உங்களைக் காக்க வைக்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாஸ் பேஸின் சிறந்த ஆண்டுகள் மூன்று: 1962, 1963, 1964. சந்தையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. ஆனால் சந்தை சொல்லும் காரணம் வேறு, நான் சொல்லும் காரணம் வேறு. சந்தை ‘பழசு’ என்கிறது, ‘அரிது’ என்கிறது, ‘மரம் காய்ந்து முற்றிவிட்டது’ என்கிறது. நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். அமைப்பு தேறியதா? கை தேர்ந்திருந்ததா? காது திறந்திருந்ததா?

அமைப்பு, கை, காது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலகட்டத்தையும் இந்த மூன்று கேள்விகளின் முன்னால் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் பிறந்த கதை. கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்றொரு ஊர். ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அங்கே 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆம், உலகத்தின் புகழ்பெற்ற கிட்டார்களைச் செய்த அந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! ஆனால் வாசிப்பவர்கள் பேசுவதைக் கேட்கத் தெரியும். பழுதுபார்க்கக் கொண்டுவந்த பெருக்கியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, ‘எங்கே சிரமமாக இருக்கிறது?’ என்று கேட்கத் தெரியும். புதிதாகச் செய்த கருவியைக் கலைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் மேடையில் வாசிப்பதைக் கவனித்து, திரும்பி வந்து மாற்றத் தெரியும்.

அந்தக் காலத்து பேஸ் கலைஞரின் சிரமம் என்ன? ஆளுயர மர பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். மேடையில் டிரம்மும் டிரம்பெட்டும் முழங்கும்போது அவர் வாசிப்பது அவருக்கே கேட்காது. விரல் வைக்கும் இடத்துக்கு அடையாளம் கிடையாது. கொஞ்சம் தவறினால் சுருதி போய்விடும். இந்த மூன்று சிரமங்களுக்கும் விடையாக 1951-இல் லியோ கொண்டுவந்ததுதான் பிரிசிஷன் பேஸ். தோளில் மாட்டிக்கொள்ளலாம். மின்சாரத்தால் பெருக்கலாம். விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் ஃப்ரெட் கம்பிகள் இருப்பதால் சுருதி பிசகாது. லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் மங்க் மான்ட்கோமரி அதை வாசித்தபோது, மின்சார பேஸ் ஜாஸ் உலகத்தின் மேடைக்கு வந்துவிட்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1960-இல், அதன் தம்பியாக வந்தது ஜாஸ் பேஸ். தம்பிக்கும் அண்ணனுக்கும் என்ன வேறுபாடு? பிரிசிஷன் பேஸின் கழுத்து, தலைப்பக்கத்தில் சுமார் 44 மில்லிமீட்டர் அகலம். ஜாஸ் பேஸின் கழுத்து சுமார் 38 மில்லிமீட்டர்தான். ஆறு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். இடது கை விரல்களைக் கேளுங்கள், அவை சொல்லும்! தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு. ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம். ஒன்று உருண்ட ஒலி தரும். மற்றொன்று கூர்மையான ஒலி தரும். இரண்டையும் கலந்து நமக்கு வேண்டிய குரலை உண்டாக்கலாம். கருவியின் இடுப்பும் நேராக இல்லாமல் சாய்ந்து நிற்கும். உட்கார்ந்து வாசித்தால் உடம்போடு பொருந்தும்.

இனி நம் மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

முதல் காலகட்டம் 1960, 1961. கை தேர்ந்திருந்ததா? தேர்ந்திருந்தது. காது திறந்திருந்ததா? திறந்திருந்தது. அமைப்பு தேறியதா? இன்னும் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளின் ஜாஸ் பேஸில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய இரட்டைக் குமிழ்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி ஒலியளவு, தனி டோன். தாளில் பார்த்தால் அது வசதி. மேடையில்? ஒரு குமிழைத் திருப்பினால் அதனோடு சேர்ந்த மற்றதும் நகரலாம். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஒலியடக்கும் சிறு பஞ்சுத் துண்டுகளும் பிரிட்ஜில் இருந்தன. செய்தவரின் ஆர்வம் அங்கே தெரிகிறது. ஆர்வம் இன்னும் அடங்கி முதிரவில்லை என்பதும் தெரிகிறது.

அதற்காக அந்த ஆண்டுகளைக் குறைத்துப் பேச முடியுமா? முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கோலோச்சிய ஜோ ஆஸ்பர்ன் வாசித்தது 1960-இன் ஜாஸ் பேஸ்தான். சைமன் அண்ட் கார்ஃபங்கல் குழுவின் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ பாடலின் அடியில் நிற்பது அவருடைய பேஸ். தந்தியைக்கூட மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் அதே கருவியை வாசித்தவர் அவர். எனவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு என் தீர்ப்பு: மகத்தான தொடக்கம்.

அடுத்து வருகின்றன நம் மூன்று ஆண்டுகள். 1962, 1963, 1964. என்ன நடந்தது அப்போது?

அமைப்பு தேறியது. இரட்டைக் குமிழ்கள் போயின. மூன்று தனிக் குமிழ்கள் வந்தன. இந்த பிக்கப்புக்கு ஒன்று, அந்த பிக்கப்புக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக டோன் ஒன்று. பாட்டின் நடுவே கண்ணால் பாராமல் கைவிரல் தேடிப் பிடிக்கக்கூடிய அமைப்பு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் இதே மூன்று குமிழ்கள்தான். ஒரு வடிவம் இத்தனை காலம் மாறாமல் நிற்கிறது என்றால், அதை மாற்ற ஆள் இல்லாததாலா? எத்தனையோ பேர் மாற்றிப் பார்த்தார்கள். வாசிப்பவர்கள் திரும்பத் திரும்ப இதற்கே வந்து சேர்ந்தார்கள்.

1962-இன் நடுவில் இன்னொரு மாற்றம். கழுத்தின் மேல் ஒட்டிய ஈட்டிமரப் பலகை அதுவரை தடித்த தட்டைப் பலகையாக இருந்தது. அதன் பிறகு அடிப்பக்கமும் வளைந்த மெல்லிய பலகையாயிற்று. தடித்த பலகைதான் உயர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. விலையும் அதற்கே அதிகம். ஆனால் மெல்லிய பலகை ஒட்டிய 1963, 1964 கருவிகளைக் கேட்டுவிட்டு, இது தாழ்ந்தது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. எனவே இந்த மூன்று ஆண்டுகளையும் நான் பிரிப்பதில்லை.

ஈட்டிமரம் என்றதும் ஒரு செய்தி. 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பலகை பிரேசில் நாட்டு ஈட்டியில் ஆனது. அதன் பிறகு மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்தது இந்திய ஈட்டி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறதே, தோதகத்தி என்றும் சொல்கிறோமே, அதே மர இனம். பிரேசில் ஈட்டி அழிவின் விளிம்புக்குப் போய், 1992-இல் பன்னாட்டு வணிகத்தில் கடுமையாகத் தடுக்கப்பட்டது. நம் ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டிலும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் என்று தனிச் சட்டமே வந்தது. ஒரு பொற்காலத்தைப் புகழும்போது, அந்தப் பொற்காலம் எந்தக் காட்டைத் தின்றது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மரத்தை மீண்டும் கேட்பது நியாயமில்லை. அந்த உழைப்பை மீண்டும் கேட்கலாம்.

உழைப்பு என்றேன். இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். கை.

நண்பர்களே, ஆண்டு என்று நாம் சொல்வதெல்லாம் யாருடைய ஆண்டு? 1950-களில் ஃபுல்லர்டன் பட்டறையில் கழுத்துகளைச் செதுக்கித் தேய்த்தவர்களில் ஒருவர் டாடியோ கோமெஸ். தான் முடித்த கழுத்தின் அடியில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பென்சிலால் எழுதிவைத்தார். இன்று ஒரு பழைய ஃபெண்டரின் கழுத்தைக் கழற்றியவருக்கு அந்த எழுத்துகள் தென்பட்டால் பெருமை பிடிபடாது. 1956-இல் ஃபெண்டரில் சேர்ந்து பிக்கப் சுற்றியவர் அபிகெயில் இபார்ரா. தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை, ஓடும் பொறியில் தன் விரலால் வழிகாட்டி, ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியவர். விரல் போகும் போக்கில் கம்பி ஒரே சீராக அடுக்கப்படாமல் சற்றே சிதறி விழும். அந்தச் சிதறல் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு தனித்தன்மை கொடுத்தது. 2013-இல் ஓய்வு பெறும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. அவர் கையெழுத்திட்ட பிக்கப்புகளை இன்று கலைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வீணைக்கு மேளம் கட்டுகிற ஆசாரியார் மெழுகின் மேல் மெட்டை வைத்து, தட்டிக் கேட்டு, மீண்டும் நகர்த்தி வைப்பதை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அளவுகோல் சொல்வதற்கு மேலே ஒன்றை அந்தக் கை அறியும். ஃபுல்லர்டனில் பொறிகள் இருந்தன, அது தொழிற்சாலைதான். ஆனாலும் பொறி நின்ற இடத்துக்குப் பிறகு கை தொடங்கியது. 1962-இல் அந்தக் கைகள் பத்தாண்டுப் பழக்கத்தில் தேர்ந்திருந்தன. அவசரம் இன்னும் அந்தப் பட்டறைக்குள் முழுதாக நுழையவில்லை.

மூன்றாவது கேள்வி, காது. செய்தவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாரா? ஆம். லியோ பட்டறையிலேயே இருந்தார். இரட்டைக் குமிழ் மூன்று குமிழாக மாறியதும், தனித்தனிப் பஞ்சுத் துண்டுகள் போய் எளிய ஏற்பாடு வந்ததும் அந்தக் கவனத்தின் காலத்தில்தான்.

அமைப்பு, கை, காது. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் கூடின. அதனால்தான் 1962. அதனால்தான் 1963. அதனால்தான் 1964.

சாட்சி வேண்டுமா? ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஃபுளோரிடாவில் வளர்ந்த இளைஞர். அவர் கையில் இருந்தது 1962-இன் ஜாஸ் பேஸ். அதன் ஃப்ரெட்கள் எல்லாம் அகற்றப்பட்டிருந்தன. பள்ளங்கள் நிரப்பப்பட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸி பூசப்பட்டு, பலகை கண்ணாடி போலக் கெட்டிப்பட்டிருந்தது. 1976-இல் அவருடைய முதல் தனித் தொகுப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ வந்தது. அதுவரை பின்னால் நின்று தாங்கிய பேஸ் முன்னால் வந்து பாடியது! அந்தக் கருவி 1986-இல் களவு போயிற்று. மறு ஆண்டு ஜாக்கோவும் மறைந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அது மீண்டும் வெளிப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃப்ரெட்டை எடுத்தாயிற்று, எபாக்ஸி பூசியாயிற்று. இன்றைய சேகரிப்பாளர் ஒருவர் 1962-இன் கருவிக்கு இதைச் செய்ய ஒப்புவாரா? ஜாக்கோவுக்கு அது காட்சிப் பொருளாக இல்லை, வேலை செய்யும் கருவியாக இருந்தது. கருவிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது?

சரி, அடுத்து என்ன நடந்தது? ஜனவரி 1965. உடல்நலம் குன்றியிருந்த லியோ, தன் நிறுவனத்தை சிபிஎஸ் என்னும் பெரும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அதற்கு முந்தைய ஆண்டு அதே சிபிஎஸ், நியூயார்க் யாங்கீஸ் என்னும் புகழ்பெற்ற பேஸ்பால் அணியின் 80 விழுக்காட்டை வாங்கியது 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு. கிட்டார் என்ற தொழில் எவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது பாருங்கள்!

அன்றிலிருந்து வரலாற்றை இரண்டாகப் பிளப்பது பழக்கமாகிவிட்டது. சிபிஎஸ்ஸுக்கு முன், சிபிஎஸ்ஸுக்குப் பின். முன் என்றால் தங்கம், பின் என்றால் தகரம். இது நியாயமா? பத்திரத்தில் கையெழுத்து விழுந்த மறுநாள் காலையில் ஃபுல்லர்டனில் வேலைக்கு வந்தவர்கள் யார்? அதே ஆட்கள். கையில் எடுத்த கழுத்துகளும் உடல்களும் முன்பே செய்து அடுக்கிவைத்தவை. ஒரு கருவியின் கழுத்தில் ஒரு மாதத் தேதி இருக்கும். உள்ளே இருக்கும் குமிழ்ப் பாகத்தில் வேறு தேதி இருக்கும். அந்தப் பாகத்தின் முதுகில் 3046210 என்று எண் இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தைக் குறிக்கும், 62 ஆண்டு, 10 என்பது பத்தாவது வாரம். பாகம் செய்த நாள் அது. கருவி முடிந்த நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். இப்படிப் பல தேதிகள் கூடிப் பிறந்த கருவியை, ஒரு கையெழுத்துத் தேதியைக் கொண்டு எப்படி அறுத்துப் பிரிப்பது? 1965-இன் ஜாஸ் பேஸ் பெரும்பாலும் 1964-இன் உடன்பிறப்புதான்.

1965-இன் பிற்பகுதியில் கழுத்தின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு வந்தது. 1966-இல் புள்ளிகள் போய், செவ்வகக் கட்டங்களாக முத்துப் போன்ற பதிப்புகள் வந்தன. பார்ப்பதற்கு அழகு, சந்தேகமில்லை. ஆனால் மாற்றங்களின் போக்கைப் பாருங்கள். 1962-இல் மாறியது கைக்காக. 1966-இல் மாறியது கண்ணுக்காக. 1968 வாக்கில் பாலியெஸ்டர் மேற்பூச்சு வந்தது. கடினமான பூச்சு, தடித்த பூச்சு, தொழிற்சாலைக்கு வசதி. மூன்று கேள்விகளில் அமைப்பு அப்படியே இருந்தது. கை மெல்ல மெல்ல அவசரப்பட்டது. காது மெல்ல மெல்ல மூடியது.

இப்போது 1970-கள். இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன். ‘எழுபதுகளின் ஃபெண்டரா? வேண்டவே வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கனமான ஆஷ் மரம் வந்தது. நாலரை கிலோவைத் தாண்டும் கருவிகள் பல. மூன்று மணி நேரம் தோளில் சுமந்தவருக்குத் தெரியும் அந்த வேதனை. 1974, 1975 வாக்கில், கழுத்தை உடலோடு இணைக்கும் நான்கு திருகுகள் மூன்றாயின. கழுத்து அசைகிறது, சுருதி நிற்கவில்லை என்று குறைகள் எழுந்தன. ‘மூன்று திருகு’ என்பதே வசைச்சொல் ஆயிற்று.

ஆனால் இந்த மூன்று திருகின் கதையை முழுதாகக் கேளுங்கள். கழுத்தின் சாய்வைக் கழற்றாமலே சரிசெய்யும் அந்த நுட்பத்தைக் கண்டுபிடித்தவர் யார்? லியோ ஃபெண்டரேதான்! நிறுவனத்தை விட்டு வெளியேறிய பிறகு, 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ஸ்டிங்ரே பேஸிலும் அதே மூன்று திருகுதான். அந்தத் தொடக்க கால ஸ்டிங்ரேக்களை இன்று உலகம் கொண்டாடுகிறது. ஒரே நுட்பம். ஓரிடத்தில் வசை, ஓரிடத்தில் வாழ்த்து. ஏன்? கழுத்து வந்து உட்காரும் குழியை இறுக்கமாக, அளவாகக் குடைந்தால் மூன்று திருகு போதும். அவசரத்தில் தளர்வாகக் குடைந்தால் முப்பது திருகும் போதாது. குற்றம் திருகில் இல்லை. கையை அவசரப்படுத்தியதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்தது இன்னும் சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை சுமார் ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்த்தினார்கள். ஒரு சென்டிமீட்டர்! அதனால் என்ன ஆகும்? தந்தி கட்டிய முனையை நெருங்க நெருங்க அதன் அசைவு குறுகும். அடிநாதம் குறைந்து, மேலே உள்ள நுண்ணிய நாதங்கள் தூக்கலாகக் கேட்கும். ஒலி கூர்மையாகும், பளிச்சென்று வெட்டும். பழைய உருண்ட ஒலியை விரும்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே இசையில் வேறொன்று தொடங்கியிருந்தது. லாரி கிரஹாம் என்ற கலைஞர், தன் தாயாரின் குழுவில் டிரம் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்க்க, கட்டைவிரலால் தந்தியை அடித்தும் மற்ற விரலால் இழுத்துவிட்டும் டிரம்மின் வேலையையும் பேஸிலேயே செய்யத் தொடங்கினார். ஸ்லாப் என்று இன்று உலகமே சொல்லும் பாணி அது. அந்தப் பாணிக்குப் பளிச்சென்று வெட்டும் ஒலி வேண்டும். அந்த ஒலி எங்கே இருந்தது? பலர் தகரம் என்று தள்ளிய அதே எழுபதுகளின் ஜாஸ் பேஸில் இருந்தது!

நியூயார்க்கில் ஓர் இளைஞர் 1977-இன் ஜாஸ் பேஸை வாங்கினார். ஆஷ் மர உடல், மேப்பிள் கழுத்து. பின்னர் கருவி செய்பவரான ரோஜர் சடாவ்ஸ்கி அதற்குள் ஒரு சிறு பெருக்கியைப் பொருத்தித் தந்தார். அந்த இளைஞரின் பெயர் மார்கஸ் மில்லர். 1986-இல் மைல்ஸ் டேவிஸின் ‘டூட்டூ’ தொகுப்பில் பெரும்பகுதியை எழுதியவர் அவர். அந்தக் கருவியின் குரல் ஒரு தலைமுறையின் குரலாயிற்று. ரஷ் குழுவின் கெடி லீ, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரின் அடகுக்கடையில் எடுத்தது 1972-இன் ஜாஸ் பேஸ். அதை அவர் எங்கெல்லாம் கொண்டுசென்றார் என்பது ராக் ரசிகர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் என் முடிவு ஆட்டம் காண்கிறதா? இல்லை. எழுபதுகளின் கருவிகளில் சிறந்தவை மிகச் சிறந்தவை. ஆனால் ஒன்றை எடுத்து அடுத்ததை எடுத்தால் அதே தரம் இருக்கும் என்ற உறுதி இல்லை. 1962 முதல் 1964 வரையிலான கருவிகளில் அந்த உறுதி கூடுதலாக இருந்தது. நல்ல ஆண்டு என்பதற்கு என் அளவு இதுதான்: அந்த ஆண்டின் சிறந்த கருவியைப் பார்க்காதீர்கள். அந்த ஆண்டின் சாதாரணக் கருவியைப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவர் கடைக்குப் போய்ச் சுவரில் தொங்கியதை வாங்கி வந்தால், அவருக்கு என்ன கிடைத்தது? அதுதான் அந்த ஆண்டின் தரம்.

‘மரம் முற்றியதால் ஒலி வந்தது’ என்கிறார்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜோ ஆஸ்பர்ன் 1960-களில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுபோனபோது அவருடைய 1960-இன் கருவிக்கு என்ன வயது? சில ஆண்டுகள். ஜாக்கோவின் முதல் தொகுப்பு வெளிவந்தபோது அவருடைய கருவிக்கு 14 வயது. நாம் வியந்து கேட்கும் ஒலி, அந்தக் கருவிகளின் இளமையில் பதிவான ஒலி! அறுபது ஆண்டு முதுமையை அதற்குக் காரணம் காட்ட முடியுமா? இன்னொன்றும் உண்டு. 1960-களில் செய்த கருவிகளில் மட்டமானவையும் இருந்திருக்கும். அவற்றை யார் பாதுகாத்தார்கள்? நல்லவற்றைத்தான் மனிதர்கள் விடாமல் வைத்துக்கொண்டார்கள். காலம் சலித்துத் தந்ததைப் பார்த்துவிட்டு, சலிக்கும் முன்னே எல்லாமே மணிகளாக இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசிக் காலகட்டம். 1982. பழைய அமைப்புகளின் அருமையை நிறுவனமே உணர்ந்து, 1962-இன் ஜாஸ் பேஸை மறுபதிப்பாகக் கொண்டுவந்த ஆண்டு. அமெரிக்காவில் மட்டுமா? ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென் தொழிற்சாலையிலும் செய்தார்கள். பழைய கருவிகளை நுணுக்கமாக அளந்து, பொறுமையாகச் செய்த அந்த முதல் ஜப்பானியக் கருவிகளை வாங்கியவர்கள் இன்றும் விடுவதில்லை. 1985-இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களே கூடி, 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு நிறுவனத்தை சிபிஎஸ்ஸிடமிருந்து மீட்டார்கள். ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை; கொரோனா என்னும் ஊரில் புதிதாகத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்கும் நிலைக்கு ஒரு நிறுவனம் வந்தது ஏன்? காது மூடியது. அதற்கான விலை அது. மீண்டது ஏன்? வாசிப்பவர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் என்பதை மீண்டும் கேட்கத் தொடங்கியது. அதற்கான பரிசு அது.

இந்த ஜப்பானிய எடுத்துக்காட்டு நமக்குச் சொல்வது என்ன? நல்ல ஆண்டு ஒருமுறைதான் வரும் என்பது பொய். அமைப்பைப் புரிந்துகொண்ட ஒரு பட்டறை, அவசரப்படாத கைகள், வாசிப்பவரைக் கேட்கும் காது ஆகிய மூன்றும் கூடினால் எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் 1962 நிகழும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. சிபிஎஸ்ஸுக்கு முந்தைய ஜாஸ் பேஸின் விலை இன்று ஒரு காரின் விலையைத் தாண்டிப் போய்விட்டது. அதை வாங்க முடியவில்லை என்று ஏங்காதீர்கள். உங்கள் வசதிக்குள் இருக்கும் கருவியைக் கையில் எடுங்கள். கழுத்து வந்து சேரும் குழியைப் பாருங்கள், இடைவெளி இருக்கிறதா? ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் விரல் வைத்து வாசித்துப் பாருங்கள். எங்காவது நாதம் செத்து விழுகிறதா? கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறுகிறதா? இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்து கேளுங்கள், இரைச்சல் அடங்குகிறதா? கருவியின் ஆண்டைக் கடைசியாகப் பாருங்கள்.

கருவி செய்பவர்கள் இந்த அவையில் இருந்தால், அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். டாடியோ கோமெஸ் எழுதினார், அபிகெயில் இபார்ரா எழுதினார். நீங்களும் உங்கள் பெயரை எழுதுங்கள். கழுத்தின் அடியிலோ உடலின் உள்ளேயோ எழுதுங்கள். பெயர் எழுதிய கை அரைகுறை வேலையை வெளியே அனுப்பக் கூசும். வாங்குகிறவரும் கேட்கட்டும்: எந்த ஆண்டு என்று கேட்பதற்கு முன், யார் செய்தது என்று கேட்கட்டும். அப்படிக் கேட்பவர்கள் பெருகினால், நல்ல ஆண்டுகளுக்காக நாம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவற்றைச் செய்ய வைக்கும் வலிமை நம் கேள்வியில் இருக்கிறது.